இவ்வளவுக்குத்தானா விற்றீர்கள்?

கொளத்தூர் வீட்டை விற்றுவிடலாம் என்று அண்ணன், நான், தங்கச்சி மூன்று பேரும் முடிவு செய்த அடுத்த வாரமே புரோக்கர் போன் செய்தார். எத்தனை சதுர அடி, தாய்ப்பத்திரம் கையில் இருக்கிறதா, வாரிசுச் சான்றிதழ் வாங்கியாகிவிட்டதா என்று வரிசையாகக் கேட்டார். கடைசியில், கறிவேப்பிலை சேர்த்துப் போடவா என்று கேட்கிற காய்கறிக்காரர் குரலில் ஒரு கேள்வி: "ஒயிட்ல எவ்வளவு மேடம் எதிர்பார்க்கிறீங்க?"

எனக்கு வயது 58. அதில் 31 வருஷம் மவுண்ட் ரோடு பக்கம் ஒரு உதிரிபாகக் கடையில் கணக்கு எழுதியவள். விலையில் எவ்வளவைப் பத்திரத்தில் காட்டுவது, எவ்வளவைக் கணக்கில் வராமல் கையில் வாங்குவது என்ற அந்தக் கேள்விக்கு அர்த்தம் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் உடனே பதில் வரவில்லை. "ஜெபிச்சுட்டுச் சொல்றேங்க" என்றேன். அவர் கிறிஸ்தவர் இல்லை. "நல்லா சாமி கும்பிட்டுட்டே சொல்லுங்க மேடம்" என்று மரியாதையாகப் போனை வைத்தார்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் ரொம்ப நாளாக எழுத நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்று நான் சொன்னது, பதில் தெரியாததாலா, தெரிந்ததாலா?

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்பா பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் வெல்டர். 1981-ல் அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனை வாங்கினார். அப்போது மழைக்காலத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் அங்கே போக வேண்டும். முதலில் ஓட்டு வீடு, அப்புறம் மாடி வைத்த வீடு. அப்பா 2009-ல் தவறிப்போனார். அம்மா 2023 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னால். 1925-ம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் கிறிஸ்தவர்களுக்கு மகன் மகள் என்ற வித்தியாசம் கிடையாது. ஆகவே எங்கள் மூன்று பேருக்கும் சமபங்கு. அண்ணன் கோயம்புத்தூரில் இருக்கிறார். தங்கச்சி ஆவடியில். அவள் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் போய், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நாங்கள் அம்பத்தூரில். மகனுடைய படிப்புக் கடனில் நான்கு லட்சம் இன்னும் பாக்கி. யாருக்கும் இந்தப் பணம் உபரிப் பணம் கிடையாது.

2025 பிப்ரவரியில் ஒரு வியாபாரி வந்து பார்த்தார். 96 லட்சம் தருவதாகச் சொன்னார். பத்திரத்தில் 60, கையில் 36. எங்கள் தெருவுக்கு அரசாங்கம் நிர்ணயித்திருந்த வழிகாட்டி மதிப்பைப் பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய அந்த அறுபதுதான் வந்தது.

இதில் யாருக்கு என்ன லாபம் என்று பார்க்கலாம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 96 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் 8,64,000 ரூபாய். 60 லட்சத்துக்கு 5,40,000. வாங்குகிறவருக்கு மிச்சம் 3,24,000. கணக்கில் காட்டாத அவருடைய ரொக்கத்துக்கும் ஒரு போக்கிடம் கிடைத்துவிடும். விற்கிற எங்களுக்கோ, மறைக்கிற 36 லட்சத்துக்கு, சொத்து விற்ற லாபத்தின் மேல் வருகிற மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம், அதாவது நான்கரை லட்சம் மிச்சம். ஆளுக்கு ஒன்றரை லட்சம். இதைச் செய்யும்போது யாருக்கும் தன்னைத் திருடன் என்று தோன்றுவதில்லை. நான் பார்த்த கல்யாணங்கள், கட்டின வீடுகள், ஏன், சில ஊழியங்கள்கூட இந்தப் பணத்தில்தான் நடந்திருக்கும்.

நான் ஜெபித்தேன். உண்மையாகவே ஜெபித்தேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து, "ஆண்டவரே, உம்முடைய சித்தம் எதுவென்று காட்டும்" என்று கேட்டேன். ஒரு வாரம் கழித்து ஒரு விடியற்காலையில் மனதில் பட்டது: எதைக் காட்டச் சொல்லிக் கேட்கிறேன்? பொய் எழுதலாமா கூடாதா என்றா? கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்று ஞாயிறு பள்ளியில் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யச் சொல்லிக்கொடுத்தவள் நான். ரோமருக்கு எழுதின நிருபத்தில் பவுல், எவனுக்கு வரியைச் செலுத்தவேண்டியதோ அவனுக்கு வரியையும், எவனுக்குத் தீர்வையைச் செலுத்தவேண்டியதோ அவனுக்குத் தீர்வையையும் செலுத்துங்கள் என்கிறார். தீர்வை. பத்திரத் தாளுக்கு நாம் இன்றைக்கும் சொல்கிற அதே வார்த்தை. இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்ட ஒன்றுக்கு நான் மறுபடி மறுபடி வழிகேட்டுக்கொண்டிருந்தேன் என்றால், வேறு பதில் வருமா என்று காத்திருந்தேன் என்றுதான் அர்த்தம். ஜெபத்தை அப்படிப் பயன்படுத்தியதற்காக அன்றைக்கு அழுதேன்.

அண்ணனோடு போனில் பேசியபோது அவர் சொன்னதையெல்லாம் நியாயமாக எழுத வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. அம்மா படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் மாதம் தவறாமல் பணம் அனுப்பியவர். அவருடைய முதல் வாதம் வலுவானது. "கவர்மெண்டே இந்த இடத்துக்கு மதிப்பு அறுபதுன்னுதான் சொல்லுது. நாம அதுக்குக் கீழ போடலையே? இதுல என்ன பொய்?" எனக்கும் ஒரு நிமிஷம் அது சரியென்றே பட்டது. அப்புறம் ஒரு பழைய கிரயப் பத்திரத்தை எடுத்து வாசித்துப் பார்த்தேன். அரசாங்கம் எவ்வளவு மதிப்புப் போட்டது என்பதை மட்டும் பத்திரம் சொல்லவில்லை. இந்தச் சொத்தை இவ்வளவு ரூபாய்க்கு விலைபேசி, அந்தத் தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டேன் என்று விற்கிறவர் தன் வாயால் சொல்வதுதான் பத்திரம். அடியில் கையெழுத்து, பெருவிரல் ரேகை, இரண்டு சாட்சிகள். வழிகாட்டி மதிப்பு அரசாங்கத்தின் கணக்கு. கிரயத் தொகை என்னுடைய வாக்குமூலம்.

இரண்டாவது, அவருடைய வாக்குத்தத்த வசனம், அதாவது புது வருஷத்துக்கென்று சபையில் அட்டையில் கிடைக்கிற வேத வசனம். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் அவருக்குக் கிடைத்த அட்டையில், கர்த்தர் உனக்குத் தமது நல்ல பொக்கிஷசாலையாகிய வானத்தைத் திறப்பார் என்று இருந்ததாம். "கேட்காமலே நல்ல விலைக்கு ஆள் வந்திருக்கான்னா அது அவர் திறந்த கதவுதானே?" என்றார். எனக்கு அந்த வருஷம் கிடைத்தது 32-ம் சங்கீதம், 8-ம் வசனம். நான் உனக்குப் போதித்து, நீ நடக்கவேண்டிய வழியை உனக்குக் காட்டுவேன். அட்டையை பீரோ கதவில் ஒட்டியிருந்தேன். அண்ணனோடு பேசி முடித்த இரவு வேதத்தைத் திறந்து அந்தச் சங்கீதத்தைத் தொடர்ந்து வாசித்தேன். அட்டையில் அச்சடிக்காத அடுத்த வசனம், வாரும் கடிவாளமும் போட்டால்தான் கிட்ட வருகிற புத்தியில்லாத குதிரையைப் போலவும் கோவேறு கழுதையைப் போலவும் இருக்கவேண்டாம் என்கிறது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று ஆண்டவர் கடிவாளத்தை இழுத்துக் காட்ட வேண்டும் என்றுதான் இத்தனை வருஷம் வழிநடத்துதலைப் புரிந்துவைத்திருந்தேன். அவரோ என்னிடம் புத்தியை எதிர்பார்க்கிறார். வாக்குத்தத்த அட்டைகளை நான் மதிக்கிறேன், இன்னும் ஒட்டிவைக்கிறேன். ஆனால் முந்தின வசனத்தையும் அடுத்த வசனத்தையும் வாசிக்காமல் இப்போது ஒட்டுவதில்லை.

இதுவரை நான் சரியாக நடந்துகொண்டது போலத் தெரியும். இனிச் சொல்வது என் தவறு.

மார்ச்சில், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமாகிய லெந்து காலம் தொடங்கிய வாரம், ஆவடியில் தங்கச்சி வீட்டில் மூன்று பேரும் கூடினோம். அண்ணன் கோவையிலிருந்து வந்திருந்தார். பேச்சு சூடேறியது. "அக்கா, முப்பத்தாறு லட்சத்துல பன்னிரண்டு என் பங்கு. உனக்கு மனசாட்சி இருக்கு சரி, எனக்கு ஊசி மருந்துச் செலவு இருக்கே" என்றாள் தங்கச்சி. நான் அப்போஸ்தலர் 5-ம் அதிகாரத்தை எடுத்தேன். அனனியாவும் சப்பீராளும் காணியை விற்றுக் கிரயத்தில் ஒரு பங்கை மறைத்துவைத்தார்கள். பேதுரு சப்பீராளைப் பார்த்து, நிலத்தை இவ்வளவுக்குத்தானா விற்றீர்கள் என்று கேட்டார். அவள், ஆம், இவ்வளவுக்குத்தான் என்றாள். உடனே விழுந்து செத்தாள். இதை நான் யாரிடம் வாசித்தேன்? பக்கத்து அறையில் புருஷன் கையில் டயாலிசிஸுக்காக வைத்த பிஸ்டுலா கட்டோடு படுத்திருக்க, அடுத்த மாதம் என்னவோ என்று பயந்துகொண்டிருக்கிற ஒரு பெண்ணிடம். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நாளில் செத்த கதையை.

தங்கச்சி ஒன்றும் பேசாமல் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. வசனம் சரி. எனக்கு அதைச் சொல்ல உரிமை இருந்ததா என்று நான் யோசிக்கவே இல்லை.

அதற்கு நான்கு நாள் கழித்துத்தான் கொளத்தூர் வீட்டில் அப்பாவின் பெட்டியைப் பிரித்தேன். தாய்ப்பத்திரம் ஒரு மஞ்சப்பையில் இருந்தது. கூடவே 1981-ம் வருஷத்து டைரி. அப்பா சபையில் பொருளாளராக இருந்தவர். காணிக்கைக் கணக்கில் நாலணா குறைந்தால் இரவு முழுக்க உட்கார்ந்து திரும்பக் கூட்டுவார். நேர்மை என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்கு அவர் முகம்தான் வரும். பத்திரம் பதிந்த தேதியில் டைரியில் அவருடைய சாய்ந்த கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தது: "கிரயம் 15,000. பத்திரம் 9,000. கையில் 6,000. கர்த்தர் நல்லவர்."

நான் அந்த வெறும் வீட்டின் தரையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. அப்பாவே செய்திருக்கிறார், அப்படியானால் தவறில்லை என்று ஒரு குரல். அப்பாவும் இப்படித்தானா என்று இன்னொரு குரல். இரண்டையும் ஏற்க முடியவில்லை. கர்த்தர் நல்லவர் என்று அவர் மனதாரத்தான் எழுதியிருக்கிறார். ஒளித்துவைக்க நினைத்திருந்தால் டைரியில் எழுதியிருக்கவே மாட்டார். அந்த ஆறாயிரம் அவர் கண்ணுக்குத் தெரியவே இல்லை. எல்லாரும் அப்படித்தான் பதிந்தார்கள், அதுதான் பதிவு என்று நினைத்திருக்கிறார். காணிக்கைத் தட்டில் நாலணாவைத் தேடிய கண்ணுக்கு, முத்திரைத் தாளில் ஆறாயிரம் தெரியாமல் போயிருக்கிறது.

அப்படியானால் என் கண்ணுக்கு எது தெரியாமல் போயிற்று? அதற்குப் பதில் வர நேரமாகவில்லை. கடையில் "பில் போடாமல்" விற்பதற்கென்று ஒரு எஸ்டிமேட் புத்தகம் இருந்தது. வாடிக்கையாளருக்கு விலை குறையும், கடைக்கு விற்பனை வரி மிச்சம். அந்தச் சீட்டுகளை வருஷக்கணக்கில் என் கையால் எழுதியிருக்கிறேன். சனிக்கிழமை மாலை எஸ்டிமேட் புத்தகம், ஞாயிறு காலை கள்ளத்தராசு வசனம். முதலாளி சொன்னார், செய்தேன் என்பது உண்மைதான். ஒருமுறைகூட அது என்னை உறுத்தவில்லை என்பதும் உண்மை. பீடத்திலிருந்து வரும் பிரசங்கங்களில் குடியைப் பற்றி, சினிமாவைப் பற்றி, சீட்டு விளையாடுவதைப் பற்றி எத்தனையோ கேட்டு வளர்ந்தோம். பத்திரப் பதிவைப் பற்றி ஒரு பிரசங்கமும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. மனசாட்சி தானாகக் கூர்மையாவதில்லை. பழக்கம் எதைத் தொடுகிறதோ அந்த இடம் மரத்துப்போகிறது. மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள், அப்போதுதான் தேவ சித்தம் இன்னதென்று பகுத்தறிய முடியும் என்று பவுல் ஏன் அந்த வரிசையில் சொன்னார் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

தங்கச்சிக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். டைரியைப் பற்றியும் எஸ்டிமேட் புத்தகத்தைப் பற்றியும் சொன்னேன். அவள் நீண்ட நேரம் பேசவில்லை. கடைசியில், "அப்பாவுமா?" என்று மட்டும் கேட்டாள்.

எங்கள் ஆயர் வயதில் என் மகனைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். ஒரு புதன்கிழமை லெந்து கூடுகை முடிந்து, எல்லாரும் போனபிறகு அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். பொய் எழுதக்கூடாது என்று அவர் எனக்குப் பாடம் எடுக்கவில்லை. இரண்டு கேள்வி கேட்டார்.

"அம்மா, இது உங்க மனசாட்சிக்காகவா, உங்க பேருக்காகவா?"

யோசித்து, இரண்டும் கலந்திருக்கிறது என்று உண்மையைச் சொன்னேன்.

"சரி. இதுக்கு ஆகுற செலவை யார் குடுக்கப் போறாங்க?"

இந்தக் கேள்வியைத்தான் நான் இரண்டு மாதமாகக் கேட்காமல் இருந்தேன். என் மனசாட்சிக்கு ஆகிற செலவைத் தங்கச்சியின் மருந்துக் காசிலிருந்து எடுத்துக் கொடுக்கப் பார்த்தேன். அவர் தாவீதை நினைவுபடுத்தினார். பலிபீடம் கட்ட இடம் தேடி வந்த தாவீது ராஜாவுக்கு, நிலத்துச் சொந்தக்காரனான அர்வனா தன் களத்தையும் மாடுகளையும் சும்மா தருகிறேன் என்றான். இலவசமாய் வாங்கி என் தேவனுக்குப் பலியிடமாட்டேன் என்று சொல்லி, தாவீது ஐம்பது சேக்கல் வெள்ளி கொடுத்துத்தான் வாங்கினான். இதுவும் ஒரு நிலக் கிரயம்தான். வீட்டுக்கு வந்து தேடினால் வேதம் முழுக்க நிலக் கிரயங்கள்! சாராளை அடக்கம்பண்ண ஆபிரகாம் மக்பேலா நிலத்தை எப்பெரோனிடம் நானூறு சேக்கலுக்கு ஏத்தின் புத்திரர் எல்லாரும் பார்க்க நிறுத்துக்கொடுத்து வாங்குகிறான். எரேமியா ஆனதோத்தில் நிலம் வாங்கி, பத்திரத்தில் கையெழுத்திட்டு, சாட்சிகளை வைத்து, பதினேழு சேக்கலைத் தராசில் நிறுக்கிறான். இத்தனை வருஷம் இதையெல்லாம் பக்தியாக வாசித்துக் கடந்துபோயிருக்கிறேன். எவ்வளவு, யார் முன்னால், எப்படி நிறுக்கப்பட்டது என்று பரிசுத்த வேதம் இவ்வளவு அக்கறையாக எழுதிவைத்திருப்பதைக் கணக்கு எழுதிய நானே கவனிக்கவில்லை.

இதற்கு நடுவில் அண்ணன் ஒரு வழி சொன்னார். "நீ உன் பங்கை எங்க ரெண்டு பேருக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துடு. உனக்குச் சேர வேண்டியதை பேங்க்ல போட்டுடறேன். அப்புறம் நாங்க எப்படி வித்தா உனக்கென்ன?" சட்டப்படி அதில் ஒரு தடையும் இல்லை. நான் எந்தப் பொய்யிலும் கையெழுத்துப் போட வேண்டாம். இரண்டு நாள் அந்த யோசனை எனக்கு இனிமையாகவே இருந்தது. லெந்து நாட்களில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் அதிகாரங்களை வாசித்துக்கொண்டிருந்த நேரம் அது. தனக்கு இதில் பங்கில்லை என்று பிலாத்து தண்ணீர் எடுத்துக் கைகழுவுகிற இடத்தில் வந்து நின்றுவிட்டேன். விடுதலைப் பத்திரம் என் கையைச் சுத்தமாக்கும், அவர்கள் இரண்டு பேரையும் அந்த ரொக்கத்தோடு விட்டுவிடும். வேண்டாம் அண்ணா என்று சொல்லிவிட்டேன்.

எதைச் செய்யக்கூடாது என்பது எனக்கு முதல் நாளே தெரியும். எப்படிச் செய்வது என்பதற்குத்தான் ஞானம் தேவைப்பட்டது. யாக்கோபு, ஞானத்தில் குறைவுள்ளவன் கேட்கட்டும், தேவன் கடிந்துகொள்ளாமல் சம்பூரணமாய்க் கொடுப்பார் என்கிறார். இந்த முறை வேறு மாதிரி ஜெபித்தேன். பேனா, காகிதம், கால்குலேட்டர் மூன்றையும் வைத்துக்கொண்டு ஜெபித்தேன்.

அப்படி உட்கார்ந்தபோது தெரிந்தவை சில. நேர்மையாக விற்றால் வரியில் அழிந்துவிடுவோம் என்ற பயம் பாதிக்கு மேல் தெரியாமையால் வந்தது. மூலதன ஆதாயத்தை விற்ற ஆறு மாதத்துக்குள் ஆர்.இ.சி., பி.எஃப்.சி. மாதிரி அரசு நிறுவனங்களின் குறிப்பிட்ட கடன் பத்திரங்களில் போட்டால், ஆளுக்கு ஐம்பது லட்சம் வரை வரி கிடையாது. ஐந்து வருஷம் எடுக்க முடியாது, வட்டி குறைவு, அவ்வளவுதான். எங்கள் பங்குகள் ஒவ்வொன்றும் அந்த வரம்புக்குள்தான். அப்பா வாங்கியது 1981 என்பதால், 2001 ஏப்ரல் 1-ம் தேதி மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளவும் சட்டம் அனுமதிக்கிறது. இன்னொரு பக்கம், சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. அபராதத்துக்குப் பயந்து நேர்மையாக இருப்பது பெரிய காரியமில்லை. ஆனால் தன் பங்கான 12 லட்சம் ரொக்கத்தை வீட்டில் எங்கே வைப்பாள் தங்கச்சி, டயாலிசிஸுக்குப் போகும்போது கதவைப் பூட்டிவிட்டு நிம்மதியாகப் போவாளா என்பதையெல்லாம் யாருமே யோசிக்கவில்லை என்பது அந்தக் காகிதத்தைப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது.

அப்புறம், செலவு யார் தலையில் என்ற கேள்வி. முழுத் தொகையும் பத்திரத்தில் போடச் சொன்னால் விலை குறையும் என்பது தெரிந்ததுதான். ஏப்ரலில், ஈஸ்டர் முடிந்த சனிக்கிழமை, மறுபடி ஆவடி. இந்த முறை வேதத்தைத் திறக்கவில்லை, காகிதத்தைத்தான் விரித்தேன். "பொய்த் தொகை போட்ட பத்திரத்துல என்னால கையெழுத்துப் போட முடியாது. ஆனா அதுக்கு நீங்க நஷ்டப்பட வேண்டாம். அந்த வியாபாரி சொன்ன விலைப்படி உங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கு முப்பத்திரண்டு. வெள்ளையில வித்தா எவ்வளவு குறையுதோ அது என் பங்குல குறையட்டும்" என்றேன். வரியையும் நானே ஏற்றுக்கொள்ள வேண்டுமா என்று முன்னமே யோசித்திருந்தேன். வேண்டாம் என்று முடிவு செய்தேன். வரி அவரவர் கடன். அதையும் நான் சுமந்தால், அவர்கள் எடுக்க வேண்டிய ஒரு முடிவை அவர்கள் கையிலிருந்து பிடுங்கியதாகிவிடும்.

அண்ணன் பேசவில்லை. தங்கச்சி அழுதாள். அவள் வீட்டுக்காரர், அதுவரை இந்த விஷயத்தில் ஒரு வார்த்தை பேசாத மனுஷன், கட்டிலில் சாய்ந்தபடியே சொன்னார்: "அக்கா, வாரத்துக்கு மூணு தடவை அந்த மெஷின்ல படுக்கிறேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துலதான் ஓடுது. ஒரு பைசா நாங்க கட்டல. அது யாரோ கட்டுன வரிதானே?" அதற்குமேல் அந்த வீட்டில் யாரும் வாதாடவில்லை. அரசியல்வாதி தின்கிற பணம் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த அண்ணன், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

நான் இன்னொரு தவறும் செய்திருந்தேன். ஆவடியிலிருந்து வண்டியில் திரும்பும்போது என் வீட்டுக்காரர் அம்பத்தூர் வரும்வரை ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "நீ செஞ்சது சரி. எங்கிட்ட கேக்காம செஞ்சது சரியில்ல." என் பங்கு என்று நான் சொன்னது எங்கள் இரண்டு பேருடைய முதுமை, மகனுடைய கடன். லேத் பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் நின்ற கால்களுக்கும் அதில் பங்கு உண்டு. யார் செலவில் என்று ஆயர் கேட்ட கேள்வியைத் தங்கச்சி விஷயத்தில் மட்டும் பொருத்திப் பார்த்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை மறந்திருக்கிறேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கோபம் அடங்க மூன்று நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் இரவு அவரே, "மகனுக்கு போன் பண்ணி அவன்கிட்டயும் சொல்லு. கடன் அவன் பேர்ல இருக்கு" என்றார். சொன்னோம். இன்னும் ஒன்றரை வருஷம் தானே கட்டிக்கொள்வதாக மகன் சொன்னான்.

வியாபாரி விலகிக்கொண்டார். மே, ஜூன் முழுக்க யாரும் வரவில்லை. அந்த இரண்டு மாதம் எனக்குச் சுலபமாக இல்லை. பிடிவாதத்தில் எல்லாருக்கும் கேடு செய்துவிட்டேனோ என்ற பயம் இரவில் வரும். ஜூலையில் ஒரு இளம் தம்பதி வந்தார்கள். இரண்டு பேரும் சம்பளக்காரர்கள், வங்கிக் கடனில் வாங்குகிறவர்கள். பத்திரத்தில் எவ்வளவு இருக்கிறதோ அதை வைத்துத்தான் வங்கி கடன் தரும் என்பதால் அவர்களுக்கே முழுத் தொகையும் பத்திரத்தில் வேண்டும். 90 லட்சத்துக்கு முடிந்தது. அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் 32, எனக்கு 26. தங்கச்சி பாதியை அந்த வரிவிலக்குக் கடன் பத்திரங்களில் போட்டு, மீதிக்கு வரி கட்டினாள்.

ஆகஸ்டில் பதிவு. டோக்கன் எண் வந்ததும் மூன்று பேரும் உள்ளே போனோம். வரிசையாகப் போட்டோ, விரல்ரேகை. சார்பதிவாளர் பத்திரத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"கிரயம் எவ்வளவும்மா?"

"தொண்ணூறு லட்சம் சார்."

"பணம் முழுசா வந்துடுச்சா?"

தினமும் எத்தனையோ பேரிடம் கேட்கிற கேள்வி அது. அவர் முகத்தில் விசேஷமாக ஒன்றும் இல்லை. எனக்கு மட்டும் பேதுருவின் குரல் கேட்டது. மார்ச் மாதம் தங்கச்சியின் மேல் எறிந்த அந்தக் கேள்வி சுற்றி வந்து என் முன்னால் நின்றது. "வந்துடுச்சு சார்" என்றேன். பக்கத்தில் நின்ற தங்கச்சியும் "வந்துடுச்சு" என்றாள். அண்ணன் தலையை மட்டும் அசைத்தார்.

தங்கச்சி இப்போது வாரத்துக்கு ஒருமுறையாவது பேசுகிறாள். நான் கொடுத்த இரண்டு லட்சத்தைத் திருப்பித் தருகிறேன் என்று ஒருமுறை சொன்னாள், வேண்டாம் என்றேன். அண்ணன் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் கூடாது, கொடுத்தது கொடுத்ததுதான். ஆனால் நான்கைந்து மாதம் அவர் குரலில் இருந்த விறைப்பு எனக்கு வலித்தது. அப்பாவின் டைரியை அவரிடம்தான் கொடுத்திருக்கிறேன். வாசித்தாரா என்று தெரியாது.

போன வாரம் இரவு ஒன்பதரை மணிக்கு அவரிடமிருந்து போன். நலம் விசாரித்தார். அம்பத்தூரில் மழையா என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். மகனுக்காக சரவணம்பட்டி பக்கம் ஒரு வீடு பார்த்திருக்கிறார்களாம். விற்கிறவர் மூன்றில் ஒரு பங்கைக் கையில் கேட்கிறாராம்.

"என்னம்மா செய்யலாம்?"

"மொத்த விலை எவ்வளவு, பத்திரத்துல எவ்வளவு போடுறேன்னு சொல்றார்? சொல்லுங்க அண்ணா, எழுதிக்கிறேன்" என்று மேசை மேலிருந்த பேனாவை எடுத்தேன்.